தும்மல் சட்டம்

குருவியை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு ஓடியதையும், வழி நெடுக அவள் அப்பா அவள் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே போனதையும் தொடர்ந்து படிக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை.

குருவிக்கு ஆறு வயது. அவளுக்கு இருப்பது அம்மா வழியாக வந்த நோய். உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னதாக ஓர் அடுப்பு எரிய வேண்டுமாம். அதில்தான் உடம்புக்கு வேண்டிய சக்தி கிடைக்கிறதாம். குருவிக்கு அந்த அடுப்பு பாதிதான் எரியும். நல்ல நாட்களில் அதை வைத்து எப்படியோ ஒப்பேற்றிவிடுவாள். காய்ச்சல் வந்தால் போச்சு. மற்றப் பிள்ளைகள் இரண்டு நாள் படுத்து எழுந்து ஓடிவிடுகிற சாதாரணக் காய்ச்சல், போன வருஷம் குருவியிடம் வந்து அவள் நடையைப் பிடுங்கிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் தும்மல் சட்டம்.

போட்டவர் குருவியின் அப்பா. லிஃப்ட் பழுது பார்க்கிறவர். 'இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது' என்று பலகை மாட்டியே பழகிப்போன மனுஷர். வீட்டில் யார் தும்மினாலும், யார் இருமினாலும், பாய், தட்டு, தம்ளரோடு மொட்டைமாடி அறைக்குப் போய்விட வேண்டும். முழுசாகக் குணமாகும்வரை கீழே கால் வைக்கக் கூடாது. வாசல் நிலையில் ஓர் ஆணி. அந்த ஆணியில், துப்பாக்கி மாதிரி நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கிற கருவி. வேலை முடிந்து வருகிறவர்கள் அதற்கு நெற்றியைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே நுழையலாம்.

"சுடுங்க மச்சான், ஒரே போடா போட்டுடுங்க" என்று குருவியின் மாமா தினமும் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பான். குருவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சட்டம் போட்டவரே ஒருமுறை மாடிக்கு நாடு கடத்தப்பட்டார். பத்து நாள் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார். அதனால் அந்தச் சட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

இனி அன்றைய பொழுது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள் குருவியம்மா. அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். முகக்கவசத்துக்குள் தன் மூச்சே தனக்குச் சுட்டது. பக்கத்தில் அவள் புருஷன், லிஃப்ட்காரர். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஒவ்வொரு முறை வந்து நிற்கும்போதும் அவர் காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"பிரேக் தேஞ்சிருக்கு. யாரும் பார்க்க மாட்டாங்க போல" என்றார். அதைச் சொன்ன குரலில் உயிர் இல்லை.

நரம்பு டாக்டர் வெளியே வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. எழுந்தவர்களை "உட்காருங்க" என்றார். நல்ல சேதி சொல்கிற டாக்டர்கள் நின்றபடியே சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது குருவியம்மாவுக்குத் தெரிந்துபோயிருந்தது.

"சாதாரண சளிக் கிருமிதான். அது அடங்கிட்டு வருது. காய்ச்சலும் இறங்கிடுச்சு."

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார்.

"ஆனா கிருமி பண்ணின சேதம் அதோட போகலைங்க. காய்ச்சலை எதிர்த்து நிக்க உடம்புக்கு நிறைய சக்தி வேணும். இவகிட்ட அது கிடையாது. இல்லாத இடத்துல போய்க் கேட்டா என்ன ஆகும்? ரத்தத்துல அமிலம் ஏறிடுச்சு. மூளையோட உள்பக்கம் ரெண்டு இடத்துல அடிபட்டிருக்கு. ஸ்கேன்ல தெளிவா தெரியுது."

"ரெண்டு பேருக்குக் கட்டின லிஃப்ட்ல பத்துப் பேர் ஏறிட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர். "அதானே டாக்டர்?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"நாங்க மோட்டார் கருகினா வேற மாத்திடுவோம்."

டாக்டர் கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி போட்டார்.

"பேசுவாளா?" என்று கேட்டாள் குருவியம்மா.

"இப்ப அதைக் கேக்காதீங்கம்மா. மூச்சு அவளா விடறாளான்னு பார்க்கணும். அது முதல்ல. சாப்பாடு மூக்கு வழியா குழாய்லதான். வீட்டுல வேற யாருக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு?"

குருவியம்மா முகக்கவசத்தைச் சரிசெய்து வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட்காரர் பதில் சொல்லிவிட்டார்.

"என் மச்சினன். இவ தம்பி. தும்முறான்னு மாடிக்கு அனுப்பியிருந்தேன். ஞாயித்துக்கிழமை அங்கேருந்து இறங்கி வந்து குழந்தை முகத்துக்கு நேரா தும்மினான். என் கண்ணால பார்த்தேன். அடிச்சு விரட்டுறதுக்குள்ள நடந்து முடிஞ்சிடுச்சு."

டாக்டர் குருவியம்மாவின் பக்கம் திரும்பினார். "காது மிஷின் வச்சிருப்பாரே, இமை தொங்கியிருக்குமே, அவரா?"

"ஆமாங்க."

"அவருக்கும் இதே நோய்தானே. அம்மா ஒருத்தர்தான், ஆனா பிள்ளைங்களுக்குப் போற அளவு ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குக் கொஞ்சம், அவருக்கு நடுத்தரம், குழந்தைக்கு ரொம்ப. இப்ப எப்படி இருக்கார் அவர்?"

"அவனுக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கான்" என்றார் லிஃப்ட்காரர்.

"அப்ப தாண்டிட்டார். நல்லது. இனிமேதான் வரப்போகுதுன்னா உடனே கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன். காய்ச்சலோட ஒரு வேளை சாப்பிடாம கிடந்தாக்கூட அவருக்கு ஆபத்து."

டாக்டர் போய்விட்டார்.

குருவியம்மா தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பி எதையும் தாண்டவில்லை. அவனுக்குக் காய்ச்சலே வந்திருக்கவில்லை. வந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை வேலையில் இருக்கும்போதே தொண்டை கரகரத்தது. ஓட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் விடுகிற வேலை அவளுக்கு. எதிர்ப்பக்கம் நிற்கிறவள் விரிப்பின் ஒரு முனையைப் பிடிக்க, இவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஆவிக்குள் முகத்தை மறைத்து இருமினாள். சாயங்காலம் உடம்பு கொதித்தது. மாடிக்குப் போயிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாததா?

ஆனால் அந்த வாரம்தான் குருவி ஜன்னல் கம்பியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு வருஷமாகத் துவண்டு கிடந்த கால்கள். பிடித்துக்கொண்டு உந்துவாள், விழுவாள், மறுபடி உந்துவாள். இன்றோ நாளையோ எழுந்து நின்றுவிடுவாள் என்று பெற்றவளுக்குத் தெரிந்தது. மாடிக்குப் போனால் அதைப் பார்க்க முடியாது. அவ்வளவுதான் காரணம். வேறு எந்தக் காரணமும் இல்லை.

வேலை விட்டுக் கிளம்புமுன் தண்ணீர்த் தொட்டியருகே போய்க் காய்ச்சல் மாத்திரை ஒன்றை விழுங்கினாள். வீடு வந்து சேர்வதற்குள் சூடு தணிந்துவிடும். வாசலில் நெற்றியைக் காட்டினாள். கருவி பச்சை விளக்கு காட்டி அவளை உள்ளே விட்டது. மறுநாளும் அப்படித்தான். இருமல் வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு இருமினாள்.

பிறக்கும்போது ஒன்றைக் கொடுத்தாள். அது அவள் கையில் இல்லை. இதையும் அவள்தான் கொடுத்தாள். இது முழுக்க அவள் கையில் இருந்தது.

மதியம் தூங்குமூஞ்சி வந்தான்.

குருவியின் மாமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் அது. இமை பாதி மூடியே இருக்கும். வாத்தியார்கள் தூங்குகிறான் என்று அடித்தார்கள். மற்றப் பையன்கள் ஓடும்போது இவன் பாதியில் உட்கார்ந்துவிடுவான், சோம்பேறி என்றார்கள். இவர்களுடைய அம்மாவையும் ஊரே அப்படித்தான் சொன்னது. ஒரு மழைக்காலக் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தபோதும், 'உடம்பை வளைச்சிருந்தா திடமா இருந்திருப்பா' என்றார்கள். நோய்க்குப் பெயர் தெரிந்தது குருவி பிறந்த பிறகுதான். அதற்குள் தூங்குமூஞ்சிக்குத் தன் பட்டப்பெயர் பழகிவிட்டது. யாராவது பரிதாபப்பட்டு மாற்றிக் கூப்பிட்டால்தான் அவனுக்குச் சங்கடம். இப்போது அக்காவோடு அதே சலவைக்கூடத்தில்தான் அவனுக்கும் வேலை.

ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறுகையில் துணிப்பை. லிஃப்டிலிருந்து இறங்கியவன் சுவரில் தோளைச் சாய்த்தபடி வந்தான்.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். "அங்கேயே நில்லு."

நின்றான்.

"எதுக்கு வந்தே? மிச்சம் மீதி ஏதாவது இருக்கா கொடுக்கறதுக்கு?"

"சாப்பாடு மச்சான்."

"சாப்பாடாம். உன்னை யாருடா அன்னைக்கு இறங்கி வரச் சொன்னது? ஒரு வருஷம். ஒரு வருஷம் அவளைப் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். இவ கூடப் பொறந்தவன்னு இடம் கொடுத்தேன் பாரு, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். குருவியம்மா வாயைத் திறந்தாள். தூங்குமூஞ்சி அவளை ஒரு பார்வை பார்த்தான். பாதி மூடிய அந்தக் கண்ணால் அவன் பார்க்கிற பார்வை அவளுக்கு மட்டும்தான் புரியும். சின்ன வயதில் இவள் உடைத்த கண்ணாடிக்கு அவன் அடி வாங்கும்போது பார்த்த பார்வை.

"தப்புதான் மச்சான்" என்றான். "புத்தியில்லாம வந்துட்டேன்."

லிஃப்ட்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு எடுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பிறகு மாடிப்படிப் பக்கம் விறுவிறுவென்று போய்விட்டார்.

தூங்குமூஞ்சி நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?" என்றாள் அவள்.

"பின்ன? நம்ம வேலை இடத்துல ஒரே பஞ்சுத் தூசு மச்சான், அதுல அங்கே எல்லாருமே தும்முவோம்னு விளக்கம் சொல்லச் சொல்றியா? கேக்கற நிலையிலயா இருக்கார்?"

"உனக்குத் தெரியுமா?"

"தண்ணித் தொட்டிகிட்ட மாத்திரை போட்டியே. தலையணை உறை மடிக்கிற மேசையிலருந்து பார்த்தா நேரா தெரியும் அக்கா. காதுதான் மந்தம், கண்ணு நல்லாத் தெரியும். பாதி மூடியிருந்தாலும்."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. "ஏன்டா தடுக்கல?"

"நின்னுடுவாக்கா, நாளைக்கு நின்னுடுவாக்கான்னு உன்கிட்ட சொல்லிட்டே இருந்தது யாரு? நான்தானே. எனக்கும் பார்க்கணும்போல இருந்துச்சு. அதான் அன்னைக்கு இறங்கி வந்தேன்." முகவாயைக் கைமேல் வைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டான். "மச்சான்கிட்ட சொல்லாதே. நான் திட்டு வாங்கிப் பழகின ஆளு. உன்னை வெறுத்துட்டார்னா நீ எங்கே போவே?"

"டாக்டர் உன்னைப் பத்திக் கேட்டாங்க. உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு."

அவன் கையைப் பிடித்தாள். சுட்டது.

"வெயில்ல வந்தேன்க்கா. பஸ்ஸுல கூட்டம் வேற."

"சாப்பிட்டியா?"

"போய்ச் சாப்பிடணும்." எழுந்தான். எழும்போது நாற்காலியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தான். "குருவி கண்ணு முழிச்சதும் மாமா குண்டு பட்டுச் செத்துட்டான்னு சொல்லு. சிரிப்பா."

லிஃப்ட் அவனை ஏற்றிக்கொண்டு இறங்கியது. அவள் அவனை நிறுத்தவில்லை. வெயிலாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஒரு வாரமாக அவள் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் போலவே.

பார்வை நேரத்தில் உள்ளே விட்டார்கள். குருவியின் மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கையில் சர்க்கரைத் தண்ணீர் ஏறும் ஊசி. மார்பு ஏறி இறங்கியது. அது அவள் மூச்சில்லை, இயந்திரத்தின் மூச்சு. போர்வைக்கு வெளியே தெரிந்த காலைக் குருவியம்மா தொட்டாள். பாதம் உட்பக்கமாக மடங்கி விறைத்திருந்தது. நிமிர்த்தினாள். விட்டதும் மறுபடி மடங்கிக்கொண்டது.

இங்கே செய்வதற்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. இனி ஒன்றும் இருக்கப்போவதில்லை என்றும் தோன்றியது. அப்போதுதான் தம்பியின் கைச்சூடு அவள் உள்ளங்கையில் திரும்ப வந்தது.

வெளியே வந்தாள். லிஃப்ட்காரர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னால்தான் சொல்ல முடியும்.

"என்னங்க. அவன் கொண்டு வரல. நான்தான்."

"என்னது?"

"எனக்குத்தான் காய்ச்சல் இருந்துச்சு. வெள்ளிக்கிழமையிலருந்து."

"தினமும் நெத்தியைக் காட்டினியே."

"மாத்திரை போட்டுட்டு வந்து காட்டினேன்."

கீழே எங்கோ தள்ளுவண்டி ஒன்று உருளும் சத்தம் கேட்டது. அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்று நினைத்தாள்.

"ஏன்?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

"மாடிக்குப் போயிருந்தா அவ நிக்கிறதைப் பார்த்திருக்க முடியாது."

"நின்னாளா?"

"நின்னா. சனிக்கிழமை. ஜன்னலைப் பிடிச்சுக்கிட்டு."

"எவ்வளவு நேரம்?"

"உங்களைக் கூப்பிட வாயைத் திறந்தேன். அதுக்குள்ள உட்கார்ந்துட்டா."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"மறுபடி நிப்பா, நீங்களே பாக்கட்டும்னு இருந்தேன்."

லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்க்கத் துணிவில்லாமல் அவள் வேகவேகமாக மீதியைச் சொன்னாள்.

"அழறதுக்கு நேரம் இல்லைங்க. தம்பி எதையும் தாண்டல. அவன் தும்மினது பஞ்சுத் தூசுக்கு. என்கிட்டருந்து அவனுக்கு இப்பத்தான் தொத்தியிருக்கு. மத்தியானம் கை கொதிச்சுது. சாப்பிடவும் இல்ல. நான் வாயை மூடிட்டு இருந்தேன். அவனை அனுப்பிட்டேன்."

கையை எடுத்தார். முகம் நனைந்திருந்தது. போனை எடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. சலவைக்கூட மேஸ்திரியைக் கூப்பிட்டார். உடம்பு முடியவில்லை என்று காலையிலேயே விடுப்பு சொல்லிவிட்டானாம்.

காலையிலேயே. அப்படியென்றால் அந்த உடம்போடுதான் சாப்பாடு செய்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்.

"நீ இங்கே இரு" என்றார். எழுந்தவர், அவளைத் தாண்டிப் போகும்போது நின்றார். பிறகு படிகளில் இறங்கி ஓடினார்.

ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியபோது போன் வந்தது.

"மாடி அறைக் கதவைத் திறக்க மாட்டேங்கிறான்."

"உள்ளே இருக்கானா?"

"இருக்கான். பேச்சு குழறுது. எனக்குக் காய்ச்சல் மச்சான், கீழே குருவி இருக்கா, யாரும் கிட்ட வராதீங்கன்னு சொல்றான். அவ ஆஸ்பத்திரியில இருக்காடான்னா நம்ப மாட்டேங்கிறான். பொய் சொல்லாதீங்க, அவ கீழே நடக்கிற சத்தம் இப்பத்தான் கேட்டுச்சுங்கிறான்."

குருவியம்மா போனைக் காதோடு அழுத்தினாள்.

"உடைச்சிடுங்க."

"இரும்புக் கதவு. ஆளுக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் நீ பேசு. உன் பேச்சைக் கேப்பான். போனைக் கதவிடுக்குல வைக்கிறேன்."

உரசல் சத்தம். பிறகு யாரோ கனமாக மூச்சு விடுவது கேட்டது.

"தம்பி, அக்காடா. தாழ்ப்பாளை எடு."

மறுபடி உரக்கச் சொன்னாள். வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா." நாக்கு தடித்த குரல். "உனக்கு இருமல் போயிடுச்சா?"

"போயிடுச்சுடா. கதவைத் திற."

"போகலன்னா மேலே வந்துடாதே. நானே கீழே வராம இருக்கேன். மச்சான்கிட்ட உன்னைச் சொல்ல மாட்டேன்."

"மச்சானுக்குத் தெரியும்டா. நானே சொல்லிட்டேன். அவர் உன்னைத் திட்ட மாட்டார். தாழ்ப்பாளை மட்டும் எடுடா, என் கண்ணு."

ஏதோ கதவின்மேல் சரிந்து, தேய்த்துக்கொண்டே கீழே இறங்கி, தரையில் மோதியது. தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்கவில்லை.

"மாப்ள" என்று லிஃப்ட்காரர் கூப்பிடுவது தூரத்தில் கேட்டது. "மாப்ள, டேய்." இரும்பில் முஷ்டி விழத் தொடங்கியது.

கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் நின்றாள். "குழந்தையோட அம்மா உள்ளே வாங்க. டாக்டர் கூப்பிடறாங்க. உடனே."

குருவியம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அதை அணைக்கச் சொல்லி நர்ஸ் சைகை காட்டினாள். அணைத்தால் தம்பியை விட்டுவிட்டுப் போகிற மாதிரி. நின்றால் மகளை. இரும்புக் கதவில் விழுகிற அடி ஒவ்வொன்றும் காதில் அதிர அதிர, அவள் உள்ளே நடந்தாள்.